இரண்டாவது ஆள் யார், ஸ்டெல்லா?

என் வாயாடி நாத்தனார் ஸ்டெல்லாவுக்கு, உன்னைவிடப் பெரிய வாயாடி எழுதுவது.

முதலில் நல்ல செய்தி. நாம் ஜெயித்துவிட்டோம். பந்தாட்டத்தில் இல்லை, அதில் வழக்கம்போல வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம், அதைப் பிறகு சொல்கிறேன். கமிட்டிக் கூட்டத்துக்குக் கூட்டம் நீ எழுந்து நின்று ஒன்றையே கேட்பாயே, அவர்களும் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்களே, அதில் ஜெயித்துவிட்டோம். போன ஞாயிறு கல்லறைக்கு வந்து உன் தலைமாட்டில் இதைச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்கள் என்னைக் கோட்டி பிடித்தவள் மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன.

இந்தக் கடிதம் கிளப்பின் ஆண்டு மலரில் வரப்போகிறது. "ஸ்டெல்லாவைப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்று பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிற விக்டர் மாஸ்டர் என் டிபன் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். உன்னைப் பற்றி நான் என்ன எழுத? பொறுமைசாலி, சாந்தமானவள், யாரையும் கடிந்து பேசாதவள் என்று எழுதினால் கப்பல் வந்து நிற்கிற ஹட் பே ஜெட்டியே சிரிக்கும். அதனால் உன்னைப் பற்றி எழுதாமல் உனக்கே எழுதுகிறேன். ஊரும் கூட நின்று படித்துக்கொள்ளட்டும்.

ஊர் படிக்கும் என்பதால் ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். யார் மகள், வீட்டில் என்ன மொழி பேசுவாள், மைதானத்தில் எந்த இடத்தில் ஆடுவாள், எதுவும் இதில் வராது. உனக்குத் தெரியும், அது போதும். அந்த ஆளின் பெயரையும் எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, வேண்டாம் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். சொல்லாவிட்டாலும் எனக்கு வாய் கூசுகிறது. கான்ட்ராக்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மெயின்லேண்டில் யாராவது படித்தால் புரியட்டும் என்று கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், நீ இடையில் புகுந்து பேசாதே. நம்முடையது ஹட் பே என்கிற தீவு ஊரில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து கிளப். தமிழ்ப் பிள்ளை, பெங்காலிப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, ராஞ்சிப் பிள்ளை எல்லாம் கலந்து, ஆளுக்கொரு வீட்டு மொழியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டு ஆடும். மின்சார ஆபீஸில் வேலை முடிந்ததும் நீ நேராக மைதானத்துக்குப் போவாய். கிளப் செயலாளர் என்று உனக்கொரு பெரிய பட்டம், ஆனால் வேலை என்னவோ பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதுதான்.

போட்டி என்றால் போர்ட் பிளேருக்குப் போக வேண்டும், போர்ட் பிளேர் என்றால் கப்பல். பகல் முழுக்க அலையில் ஆடிக்கொண்டு போக வேண்டும். ஜெட்டியில் யாரிடமாவது எதையாவது ஒப்படைப்பது நம் தீவு வழக்கம். மாமாவுக்கு மருந்து, சித்திக்குக் கருவாடு, பிளேரில் படிக்கிற பிள்ளை, எல்லாம் ஒரே கையில் போகும். "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரும் பார்த்துக்கொள்வார். சுனாமிக்குப் பிறகு யார் பிள்ளைக்கு யார் சோறு போட்டோம் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. நம்பாமல் இந்த ஊரில் ஒரு பொழுது ஓட்ட முடியாது.

அதே நம்பிக்கையில் வந்த இன்னொரு வழக்கமும் உண்டு. பங்க் என்கிற பொதுத் தளத்தில் வரிசையாகப் படுத்து வாந்தி எடுக்கும் பிள்ளைகளில் ரொம்ப வாடியதைப் பார்த்து, கேபின் டிக்கெட் வைத்திருப்பவர் யாராவது இறங்கி வந்து கூட்டிப் போவார். ஏசியில் கொஞ்சம் படுத்து எழுந்தால் பிள்ளைக்குத் தெளியும். நாமும் கும்பிட்டு அனுப்பி வைப்போம். நல்ல மனுஷர், நம் பிள்ளைக்காகத் தன் கட்டிலைக் கொடுத்தார் என்று திரும்பி வந்து நாலு வீட்டில் சொல்லுவோம்.

ஒரு தடவை அப்படிக் கப்பலில் போய் வந்த பிறகு அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வருவதை நிறுத்தினாள். வயசுக்கு வந்துட்டா, வெட்கம் என்றார்கள். படிப்பு என்றாள் அவள் அம்மா. நீ மட்டும் நம்பவில்லை. பந்து என்றால் சோற்றை விட்டு ஓடி வருகிற பிள்ளை, உன்னைக் கண்டதும் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள் என்று என்னிடம் வந்து சொன்னாய். "கப்பல்ல என்னவோ நடந்திருக்கு மதினி. யாரு, என்னன்னு எனக்குத் தெரியல. அவளா வாயைத் தொறக்கிற வரைக்கும் நோண்டக் கூடாது. ஆனா அடுத்த பிள்ளைக்கு இப்பவே வேலி போட்டாகணும்."

உன் வேலி ரொம்பச் சின்னது. எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கக் கூடாது. கூட இரண்டாவது ஆள் வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சரி, சாமியாராக இருந்தாலும் சரி. இவ்வளவுதானே கேட்டாய்?

கமிட்டி என்ன சொன்னது, நினைவிருக்கிறதா? கிளப்புக்கு ஜெர்சியும் கோல் வலையும் வாங்கித் தந்த புரவலர் நம் கான்ட்ராக்டர். அவர்தான் நடுநாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "ஸ்டெல்லாம்மா, இது என்ன டெல்லியா? நம்ம தீவுல எல்லாரும் ஒரே குடும்பம். பச்சா லோக், சின்னப் பிள்ளைங்க, பயந்துருவாங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். நீ ஏதோ அபசகுனமாகப் பேசிவிட்டது போல ஒருத்தர் பேச்சை மாற்றினார். வீட்டுக்கு வந்து நீ பாத்திரத்தை அலம்பிய வேகத்தில் என் குழம்புச் சட்டியின் காது போனது. இன்னும் காதில்லாமல்தான் இருக்கிறது அந்தச் சட்டி.

அப்புறம் உனக்கு அந்த நோய் வந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் இருந்து நீ பேசிய கடைசி போனில்கூட உன் மகனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கிளப்பைப் பற்றித்தான் கேட்டாய். "மதினி, எனக்கு இனி சத்தம் வராது. உங்க சத்தத்தை கமிட்டிக்கு அனுப்புங்க." அழுவதற்குக்கூட விடாமல் வேலை சொல்லிவிட்டுப் போனாயே, உன்மேல் அதற்கு எனக்கு இன்னும் கோபம் உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் நமக்குள் சண்டை என்று உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இப்போது சண்டை போட ஆளில்லாமல் அவரைப் பிடித்துத்தான் போடுகிறேன், பாவம் மெலிந்துவிட்டார்.

சத்தத்தை அனுப்பினேன். கமிட்டி கூடுவது நம் ஜெட்டி ரோட்டுக் கட்டடத்தில், டீயும் வடையும் வருவது என் கடையில் இருந்து. இதைவிட என்ன ஆயுதம் வேண்டும்? உன் இடத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்ட முதல் கூட்டத்திலேயே உன் வேலியை எடுத்து வைத்தேன். வழக்கம்போல ஒருத்தர் நெளிந்து, "டீ குடிச்சிட்டுப் பேசுவோமே" என்றார். "டீ எங்க கடையிலதான் இருக்கு அண்ணாச்சி, அடுப்பை அணைச்சிட்டுத்தான் வந்திருக்கேன். முடிவு எடுங்க, பத்த வைக்கேன்" என்றேன். வெளியே மழை கொட்டியது. ஒருத்தராலும் எழுந்து போக முடியவில்லை.

எனக்குப் பயம் கமிட்டியிடம் இல்லை, விக்டர் மாஸ்டரிடம்தான் இருந்தது. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, வெறுங்காலில் பந்து உதைத்து, இன்று நம் பிள்ளைகளுக்குத் தன் சம்பளத்தில் ஷூ வாங்கித் தருகிற மனுஷர். அவர் முகம் சுண்டிப்போனது. "என்மேலயே சந்தேகமா பிலோமினாக்கா?" என்றார். நான் மாவு ஆட்டும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "சந்தேகம் இருந்தா உங்களை மாத்தியிருப்போம் மாஸ்டர். சந்தேகம் இல்லாததுனாலதான் உங்களை வச்சே ஆரம்பிக்கோம்."

மாஸ்டர் கழுத்தில் இருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். நல்ல மனுஷரை விரட்டிவிட்டோமோ என்று பயந்தேன், ஸ்டெல்லா. ஆனாலும் வாய் நிற்கவில்லை, கை தூக்குங்கள் என்றேன். டீக்காகவோ வெட்கத்துக்காகவோ எல்லாக் கையும் எழுந்தது. கான்ட்ராக்டர் கையும்தான். "நல்ல ரூல்மா. மாஸ்டர்மாரை எல்லாம் கொஞ்சம் கவனிக்கத்தான் வேணும்" என்று சிரித்துக்கொண்டே தூக்கினார். அது மாஸ்டர்களுக்கான சட்டம், தனக்கில்லை என்று அவர் நினைத்தது எனக்கு அன்று புரியவில்லை.

சில நாள் மைதானத்தில் பிள்ளைகள் மாஸ்டர் இல்லாமல் பந்தை உதைத்துக்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் மாஸ்டர் கடைக்கு வந்தார். இட்லி வைத்தேன், தொடவில்லை. "யோசிச்சுப் பாத்தேன்க்கா. தப்பான ஒருத்தன் வந்தா எப்படி வருவான்? என்னை மாதிரிதான் வருவான். விசிலோட, சிரிச்ச முகத்தோட, பிள்ளைங்களுக்கு ஷூ வாங்கிக் குடுத்துக்கிட்டு. கொம்பு வச்சிக்கிட்டா வருவான்?" என்று சொல்லிவிட்டு விசிலைத் திருப்பிக் கேட்டார். நான் அதை என் கல்லாப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய் வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சட்டத்தை அவர் பிரசங்கம் பண்ணவில்லை. பந்தைத் தலையால் முட்டப் பழக்குவது போல, எல்லைக்கு வெளியே போன பந்தை எறியப் பழக்குவது போல, பயிற்சியாக்கிவிட்டார். ஆட்டம் நடக்கும்போதே நடுவில் நுழைந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார். "வா, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன். நாம ரெண்டு பேர் மட்டும் போலாம்." அந்தப் பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியில், "தூஸ்ரா கௌன்?" என்று கத்த வேண்டும். இரண்டாவது ஆள் யார்? கத்தினால் கைதட்டல். போகப் பார்த்தால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம்.

ஐயோ, அது பிள்ளைகளுக்குப் பிடித்ததே பார். கண்ட இடத்திலெல்லாம் கத்த ஆரம்பித்துவிட்டன. பல் டாக்டரிடம் "தூஸ்ரா கௌன்?". டியூஷன் மாஸ்டரிடம் "தூஸ்ரா கௌன்?". பங்குச் சாமியார் ஒரு பையனைப் பூசைக்கு உதவக் கூப்பிட்டபோது அவரிடமும் கேட்டுவிட்டான். சாமியார் கோபிக்காமல் கோயில் கதவை அகலத் திறந்துவிட்டு, மணியடிக்கிற கோயில்பிள்ளையையும் கூப்பிட்டு நிறுத்தினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அதையே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

அடுத்த போட்டி வந்தது. கடல் மோசம். நான்தான் இரண்டாவது பெரியவளாக ஏறினேன். இந்தத் தீவில் வாழ்க்கைப்பட்டு வந்து என் பிள்ளைகளே வளர்ந்துவிட்டார்கள், இன்னும் கப்பல் சங்கு ஊதினாலே எனக்குக் குமட்டும், உனக்குத்தான் தெரியுமே. பங்க்கில் பாலிதீன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மாஸ்டர் மேல்தளத்தில், இன்னொரு பையனின் அப்பாவோடு, காற்றுக்கு ஏங்கிய பையன்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நம் துளசி, அந்த ராஞ்சிக்காரக் குட்டி, பட்டாணி மாதிரி இருப்பாளே, அவள் வெளுத்துப்போய்ச் சுருண்டு கிடந்தாள். (அவள் பெயரை எழுதலாமா என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "பெருசா எழுதுங்க ஆன்ட்டி" என்றாள்.) அப்போது படியில் இறங்கி வந்தார் கான்ட்ராக்டர். வாசனை அடிக்கும் சட்டை, கையில் கேபின் சாவி. துளசியின் தலையைத் தடவி, "பாவம், பாப்பா வாடிட்டாளே. வா மக்கா, அங்கிள் கேபின்ல ஏசி இருக்கு, படுத்துக்கோ" என்றார். பக்கத்தில் படுத்திருந்த பெண்கள்கூட, போம்மா, போய்ப் படு என்றார்கள்.

துளசி தலையைத் தூக்கினாள். ஈனக் குரலில் "தூஸ்ரா கௌன்?" என்றாள்.

அவர் சிரித்தார். "அரே பேட்டா, நான்தான், அங்கிள்." அவள் விடவில்லை. எழுந்து உட்கார்ந்து, வாந்தி வழியும் வாயோடு, முழுத் தொண்டையில் கத்தினாள். "தூஸ்ரா கௌன்?" அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளை கத்தியது. அதற்கு அடுத்தது கத்தியது. ஒரு நிமிஷத்தில் பங்க் முழுக்க, தலையைத் தூக்க முடியாத பிள்ளைகள்கூடப் படுத்துக்கொண்டே கத்தின. கோழி வியாபாரி, ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி, லீவு முடிந்து போகும் போலீஸ்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாலிதீன் பையோடு போய் அவர் முன்னால் நின்றேன். "ரெண்டாவது ஆள் நான்தான் அண்ணாச்சி. சலோ, போவோம். எனக்கும் கொஞ்சம் ஏசி காத்து பட்டா நல்லாருக்கும்." அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லம்மா... கேபின்ல இடம் பத்தாது" என்றார். "பிள்ளைக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா? நான் தரையில உக்காந்துக்கிடுதேன். கதவைத் தொறந்து வச்சா காத்து வரும்" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. அந்தக் கண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குக் குமட்டல் நின்றது. திரும்பிப் படியேறிப் போய்விட்டார்.

பிளேரில் முன்பெல்லாம் பிள்ளைகளை லம்பா லைன் பகுதியில் தெரிந்தவர் வீடுகளுக்குப் பிரித்து அனுப்புவோமே, அதையும் நிறுத்தியிருந்தோம். ஒரே கூடத்தில் எல்லாரையும் படுக்க வைத்து, அந்த வீடுகளில் இருந்து வந்த அம்மாமாரும் நானும் வாசலில் பாய் விரித்தோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். ஆனால் கப்பல் கதை எங்களுக்கு முன்னாலேயே போன் வழியாக ஹட் பே வந்து சேர்ந்திருந்தது.

நான் திரும்பி வந்து கடை திறந்த அன்று சாயங்காலம், மைதானத்துக்கு வருவதை நிறுத்தியிருந்த அந்தப் பிள்ளை வந்தாள். தன் அம்மாவோடு வந்தாள். "துளசி நிஜமாவே கத்தினாளா ஆன்ட்டி? யாரும் அவளைத் திட்டலையா?" என்று கேட்டாள். கத்தினாள், யாரும் திட்டவில்லை, திட்டினால் நான் விட்டுவிடுவேனா என்றேன். கொஞ்ச நேரம் மேசையில் கிடந்த தண்ணீரை விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு என்ன கத்தணும்னு அப்போ தெரியாது ஆன்ட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. அவள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன், உடனே சுதாரித்துக்கொண்டு மறுபடி தூக்கிவிட்டேன். "நீ ஒரு தப்பும் செய்யல மக்கா. நீ சொன்னதை நான் நம்புதேன்" என்று அவளிடம் சொன்னேன். இந்த இரண்டு வாக்கியத்துக்காகத்தான் அந்தப் பிள்ளை இவ்வளவு நாள் காத்துக் கிடந்தது, ஸ்டெல்லா. நீ இருந்திருந்தால் நீதான் சொல்லியிருப்பாய்.

அவளும் அவள் அம்மாவும் சரி என்ற பிறகு ஸ்டேஷனுக்குச் சொன்னோம். ஒரு பெண் இன்ஸ்பெக்டர், காக்கி போடாமல் சுடிதாரில், பிள்ளையின் வீட்டுக்கே வந்து தரையில் உட்கார்ந்து பேசினார். அம்மாவின் மடியில் இருந்தபடியே பிள்ளை எல்லாம் சொல்லி முடித்தாள். பிளேர் கப்பலுக்கு நின்றுகொண்டிருந்த கான்ட்ராக்டரை ஜெட்டியில் வைத்தே கூட்டிப் போனார்கள். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். கையில் இருந்த டீ கிளாஸை யாருக்குக் கொடுக்க எடுத்தேன் என்பதே மறந்துவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதே. நம் ஆட்கள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். "யாரோ ஒரு பிள்ளை சொன்னதுக்கு, நம்ம தமிழாளைக் காட்டிக் குடுத்துட்டியே. நாலு பேரு முன்னால நமக்குத் தலைகுனிவு இல்லையா?" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். "பிள்ளையைத் தொட்டவன் எந்த ஊரு, எந்தச் சாதி, எந்த மொழின்னு பாத்துத்தான் கேக்கணுமா? தலைகுனிவுன்னா அவனுக்கு. உங்களுக்கும் குனிஞ்சா நல்லா குனிங்க, அப்படியே வெளிய போங்க" என்றேன். கொஞ்ச நாள் அவர்கள் என் கடையில் சாப்பிடவில்லை. என் சாம்பாரை விட்டு எத்தனை நாள் இருப்பார்கள்? ஒவ்வொருத்தராக வந்துவிட்டார்கள்.

ஜெர்சியை என்ன செய்வது என்று கமிட்டி தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பிள்ளைகளே முடிவெடுத்துவிட்டன. மடித்து எடுத்து வந்து மைதானத்து ஓரம் குவித்துவிட்டு, ஆளுக்கொரு பழைய சட்டையில் ஆட இறங்கின. பார்க்கக் கதம்பம் மாதிரி இருந்தது. உன் அண்ணன் அன்று மீன் விற்றுவிட்டு வரும் வழியில் நின்று பார்த்தார், வீட்டுக்கு வந்து நேராக உன் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

ஒரு நாள் பயிற்சி நேரத்தில் அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வந்தாள். யாரும் ஓடிப் போய்க் கட்டிப் பிடிக்கவில்லை, அப்படிச் செய்யக் கூடாது என்று மாஸ்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். "லேட்டா வந்திருக்க, ரெண்டு சுத்து ஓடு" என்றார். அவள் ஓடினாள், ஸ்டெல்லா. இரண்டு சுற்று சொன்னார், நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள்.

போன மாசம் மறுபடி பிளேர் போனோம், அவளும் அவள் அம்மாவும்கூட. கப்பலில் ஏறுகிற பலகையின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம், மூட்டை, சத்தம். யாரும் அவசரப்படுத்தவில்லை. "வேண்டாம்னா வீட்டுக்குப் போவோம் மக்கா, நானும் உன்கூட வந்துருதேன்" என்றேன். அவள் பலகையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விறுவிறு என்று ஏறிவிட்டாள். நான்தான் தடுமாறி, ஒரு மாலுமியின் கையைப் பிடித்து ஏறினேன்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம்! இரண்டாவதில் நாலு கோல் வாங்கினோம். நடுவர் கொடுத்த ஒரு தப்பான முடிவுக்கு அவள் கத்திய கத்தில் மைதானமே திரும்பியது. மாஸ்டர் அவளை அடக்கப் போனார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கத்தட்டும் மாஸ்டர், சேர்த்து வைத்ததெல்லாம் கத்தட்டும் என்றேன்.

திரும்பி வரும்போது கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. பிள்ளைகள் சீட்டு ஆடி, சண்டை போட்டு, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவளும் பங்க்கின் நடுக்கட்டிலில், எல்லாருக்கும் நடுவில், ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிப் போனாள். அவள் அம்மா என் கையைப் பிடித்தாள். "அந்தக் கப்பலுக்கு அப்புறம் இவ தூங்கி நான் பாத்ததே இல்லக்கா. வீட்டுல லைட்டை அணைக்க விட மாட்டா. நான் முழிச்சிருக்கேனான்னு தொட்டுத் தொட்டுப் பாப்பா" என்றாள்.

பிள்ளை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டாள். ஆட்கள் போனார்கள், வந்தார்கள், படிக் கதவு படார் படார் என்று அடித்தது, அவள் அசையவே இல்லை. ஹட் பே வந்து, சங்கு ஊதி, கயிறு கட்டி, பாதிக் கூட்டம் இறங்கிய பிறகும் தூங்கினாள். மாஸ்டர், எழுப்பலாமா என்று ஜாடையில் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள் அவள் அம்மா. நாங்கள் எல்லாரும், பிள்ளைகள், அம்மாமார், மாஸ்டர், நான், மூட்டை முடிச்சோடு அந்தக் கட்டிலைச் சுற்றிச் சத்தம் காட்டாமல் நின்றோம். கப்பல்காரர் வந்து இறங்கச் சொன்னார், நிலைமையைப் பார்த்துவிட்டு அவரும் நின்றார்.

ஸ்டெல்லா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கால் நடக்கிற வரைக்கும் இந்தக் கிளப்பின் ஒரு பிள்ளைகூட மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்காது. என் கால் நின்றுபோனால் நடக்க வேறு கால்கள் வந்தாகிவிட்டன. நீ நிம்மதியாகத் தூங்கு. நம் பிள்ளை தூங்கிவிட்டாள்.

கப்பல் குமட்டினாலும் வாய் குறையாத,
உன் மதினி,
பிலோமினா